பிகாம் பிள்ளைகளுக்கு நெசமான ப்ராஜெக்ட் குடுக்கணும், எங்கன இருந்து ஆரம்பிக்கலாம்?

பொதிகைச்சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கலை அறிவியல் காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன், பிகாம் ரெண்டாம் வருசத்துக்கு காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கேன். கிளாஸ்ல 58 பிள்ளைய. பாதிக்கு மேல அவங்க வீட்டுல மொத மொத காலேஜுக்கு வந்த பிள்ளைய.

போன வருசம் மூணாம் வருசப் பிள்ளைகளோட ப்ராஜெக்ட் வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, உக்காந்திருந்தேன். முக்காவாசி ஒரே தலைப்பு, வாடிக்கையாளர் திருப்தி, ஒருத்தனுக்கு சோப்பு, ஒருத்தனுக்கு பைக், அவ்வளவுதான் மாறும். ஜெராக்ஸ் கடையில பழைய ப்ராஜெக்ட்ல பேர மட்டும் மாத்தி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கையில தந்துடுதாங்க. ஒரு பையன் கொண்டுவந்த 50 கேள்வித்தாளும் அவனே நிரப்பினது, மூணு கலர் பேனாவ மாத்தி மாத்தி எழுதியிருந்தான், ஒரு டேபிள்ல சதவீதத்தக் கூட்டிப் பாத்தா 112 வருது. அவன ஏச மனசு வரல. ஏன்னா நாமதான அவனுக்கு அப்படி ஒரு வேலையக் குடுத்திருக்கோம்.

அதே பையன் சனி ஞாயிறுல அவன் மாமா கூட கல்யாணச் சமையலுக்குப் போறவன். வைவா முடிஞ்சு வராண்டால நிக்கும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன், 300 இலைக்கு எவ்வளவுப்பா அரிசி போடுவீங்கன்னு. உடனே அவன் என்கிட்ட திருப்பிக் கேக்கான், காலைப் பந்தியா மத்தியானமா மேடம், கல்யாணத்தன்னைக்கா மறுநா சொதிச் சாப்பாடான்னு. சொதிங்கிறது தேங்காப்பால் குழம்புல்லா, அதுக்குத் தேங்காக் கணக்கே வேறயாம், மொதப்பால் தனி ரெண்டாம்பால் தனி, தேங்கா வெல ஏறுனா இலைக்கு எத்தன ரூவா கூடும், அத முன்னாடியே பேசி வாங்காம விட்டா கடைசியில யார் கையக் கடிக்கும்னு நின்ன எடத்துல நின்னு சொல்லுதான். நான் ஒரு செமஸ்டர் முழுக்க போர்டுல எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கிற ஸ்டாண்டர்ட் காஸ்ட் (இவ்வளவு ஆகணும்னு முன்னாடியே போடுற செலவு), வேரியன்ஸ் (அதுக்கும் நெசச் செலவுக்கும் உள்ள வித்தியாசம்), எல்லாம் அவன் வாயில இருந்து வருது, ஆனா அது காலேஜ்ல சொல்லுற அதே பாடம்தான்னு அவனுக்குத் தெரியல, எங்களுக்கும் தெரியல.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்த வருசமாவது பிள்ளைகளுக்கு நெசமான ஒரு வேலையக் குடுத்துப் படிக்க வைக்கணும்னு நெனைக்கேன். இண்டஸ்ட்ரியல் விசிட் வேண்டாம், கம்பெனிக்குள்ள ஒரு மணி நேரம் வரிசையா நடந்துட்டு போட்டோ எடுத்துட்டுத் திரும்புறதுல ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. செமஸ்டருக்கு 90 நாள்தான் வேலை நாள், கையில காசு கிடையாது, பிரின்சிபால் தடை சொல்லல. நம்ம நெல்லைச் சீமையில என்ன செய்யலாம், செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கார்பிசானம்:

டீச்சரம்மா, நான் குளம் கால்வாய் மடைன்னு 31 வருசம் வேல பாத்து ரிட்டயர் ஆனவன், காலேஜ் படிப்பு எனக்கு கெடயாது. ஆனா நீங்க கேட்ட விசயத்துல ஒண்ணு எனக்கு அனுபவத்துல தெரியும்.

நம்ம தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு இருக்கு, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளக்காரன் காலத்துல 1873ல முடிச்சது, மத்த ஏழும் அதுக்கு முந்துன ராசாக்கமாரு காலத்து வேல. அதுல இருந்து பிரியுத கால்வாய்ல தண்ணி போயி குளம் பெருகி, ஒரு குளம் நெறஞ்சு மறுகால் விழுந்து அடுத்த குளத்துக்குப் போயி, அப்படித்தான் காரும் பிசானமும்னு ரெண்டு போக நெல்லு நமக்கு வெளஞ்சிட்டு இருக்கு. நம்ம பயலுவ அந்தக் கால்ல குளிச்சு வளந்தவனுவதான், ஆனா இந்தத் தண்ணி எந்த அணைக்கட்டுல பிரிஞ்சு வருதுலேன்னு கேட்டா பத்துல எட்டுப் பேரு முழிப்பான்.

ஒரு நாலஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு காலேஜ் வாத்தியார் பத்துப் பயலுவளக் கூட்டிக்கிட்டு வந்தாவ. குளத்தப் பத்தி கட்டுர எழுதணும், வெவரம் சொல்லுங்கண்ணாச்சின்னாவ. கட்டுர கெடக்கட்டும் சார், இந்தக் குளத்துப் பாசன விவசாயிய ஒரு மனு குடுக்கணும்னு ரெம்ப நாளாச் சொல்லுதாவ, மடைய எண்ணி நெலவரத்த எழுதித் தர ஆளு இல்லாம நிக்கி, அதச் செய்ய முடியுமான்னு கேட்டேன். பயலுவ கையில டேப்பும் நோட்டும் குடுத்து கரை மேல நடக்க விட்டேன். காலையில ஏழு மணிக்கு ஏறுனவனுவ பதினோரு மணி வரைக்கும் எறங்கல. ஒரு மட உடமுள்ளுக்குள்ள புதைஞ்சு கெடந்துது, வயசான தண்ணி பாய்ச்சுத பெரியவரு ஒருத்தரு கம்பால குத்திக் காட்டுனாரு, இங்கனதான்லே இருக்கு, கல்லத் தட்டுனா சத்தம் வேற மாதிரி கேக்கும் பாருன்னாரு. ஒரு பய கீழ எறங்கி கையாலயே மண்ணத் தோண்டி கல்லத் தொட்டுப் பாத்துட்டு மேல ஏறி வந்தான், அவன் மூஞ்சி இன்னும் எனக்கு கண்ணுக்குள்ள நிக்கி.

எதுக்குச் சொல்லுதேன்னா, அவனுவ எழுதுனத மொதல்ல வாசிச்சுப் பாத்துட்டு விவசாயி ஒருத்தரு, தம்பி இதுல மூணாவது மடையும் நாலாவதும் மாறிக் கெடக்கு, இத அப்படியே கலெக்டராபீஸ்ல குடுத்தா எங்களத்தான் தப்பாச் சொல்லுவாவன்னாரு. யாரும் சொல்லாமலே பயலுவ மறுநா திரும்ப வந்து கரையில நடந்து அளந்து மூணு தடவ எழுதுனானுவ. வாத்தியார் எங்கிட்ட வந்து சொன்னாவ, அண்ணாச்சி இவனுவ அசைன்மெண்ட ரெண்டாந்தடவ எழுதி நான் பாத்ததே இல்லன்னு. அந்தத் தாளு விவசாயி மனுவோட சேந்து திங்கக்கெழம மனு நாள்ல உள்ள போச்சு. அவ்வளவுதான் டீச்சர், எழுதுத தாள வாங்கி வாசிக்க ஒருத்தன் நெசமாவே காத்துக்கிட்டு இருக்கணும். மார்க் போட மட்டும் வாசிக்கதுன்னா பய மார்க்குக்குத்தான் எழுதுவான்.

உங்க பிள்ளைய கணக்குப் படிக்க பிள்ளையல்லா. ஒரு ஏக்கர் அம்பை 16 நெல்லு நட்டு அறுக்க என்ன செலவு, நடவுக்கூலி, மிசினுக்கு மணிக் கணக்கு வாடகை, உரம், வைக்கோல் வித்த வரவுன்னு ஒரு விவசாயிக்கு கணக்கெழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எங்க ஊர்ல இத முழுசா எழுதி வச்சிருக்கவரு ஒருத்தரக் காட்டுங்க பாப்போம்.

வகுப்பறைவாசி:

மேடம், நானும் வாத்தியார்தான், 14 வருஷமா. உங்க ஆர்வத்தக் கெடுக்கணும்னு சொல்லல, ஆனா சில விஷயத்த முன்னாடியே யோசிச்சுட்டு எறங்குங்க.

மொத விஷயம் நேரம். அண்ணாச்சி சொன்ன பயலுங்க காலையில ஏழு மணிக்கு கரையில ஏறினாங்க, சரி, ஆனா உங்க கிளாஸ்ல எத்தன பேரு சாயங்காலம் ஜவுளிக்கடைக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் வேலைக்குப் போறாங்கன்னு பாத்துக்கோங்க. அவங்களுக்கு ஒரு சனிக்கிழமை போச்சுன்னா அந்த நாள் கூலி போச்சு. நம்ம வசதியா இருக்கிற பிள்ளைங்கள மனசுல வச்சு ப்ளான் போட்டுட்டு, வர முடியாத பிள்ளைங்களுக்கு அக்கறை இல்லன்னு எழுதிருவோம். நான் அந்தத் தப்பப் பண்ணியிருக்கேன், ஒரு பொண்ணுக்கு இண்டர்னல்ல மார்க் கொறச்சுப் போட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சது அவ சம்பளத்துலதான் தம்பி ஸ்கூல் பீஸ் கட்டுறான்னு. இன்னைக்கும் அது உறுத்துது.

ரெண்டாவது, இண்டர்ன்ஷிப்னு பேரு வச்சு ஒரு மாசம் கடையில சும்மா பில்லு அடுக்க விடாதீங்க. வேலையும் படிப்பும் சேந்த இந்த முறைய மொதல்ல ஆரம்பிச்சது அமெரிக்காவுல சின்சினாட்டி யுனிவர்சிட்டி, 1906ல, ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு பேராசிரியர், 27 இன்ஜினியரிங் மாணவர்கள வச்சு. கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் தொழிற்சாலைன்னு மாத்தி மாத்தி. கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டி 1957ல ஆரம்பிக்கும்போதே அத அடிப்படையா வச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. ரெண்டு எடத்துலயும் பையனுக்கு வேலைக்கு சம்பளம் உண்டு. நம்ம ஊர்ல அந்தச் சம்பளத்த விட்டுட்டு சர்டிபிகேட்ட மட்டும் எடுத்துக்கிட்டோம், அதனாலதான் சர்டிபிகேட்டே வெலைக்கு வருது.

அதுக்காக நம்ம பக்கம் ஒண்ணுமே நடக்கலன்னு சொல்ல மாட்டேன். விவசாயக் கல்லூரிப் பிள்ளைங்க கடைசி வருஷம் கிராமத்துல விவசாயிங்க கூட இருந்து வேலை பாக்குறாங்க. வேலூர் சிஎம்சியில மொத வருஷ டாக்டர் பிள்ளைங்கள கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போய் தங்க வச்சு ரொம்ப காலமா படிக்க வைக்கிறாங்க, இப்ப எல்லா மெடிக்கல் காலேஜ்லயும் குடும்பங்களத் தத்தெடுக்கணும்னு பாடத்துலயே வச்சிட்டாங்க. என்எஸ்எஸ் 1969ல இருந்து இருக்கு, ஏழு நாள் கேம்ப். ஆனா அந்த ஏழு நாள்ல கோயில் வாசலக் கூட்டிட்டு வந்துட்டா போதும்னு நெறைய எடத்துல ஆயிப்போச்சு. கலை அறிவியல் காலேஜ்லதான், குறிப்பா பிகாம்ல, வெளிய போய் படிக்கிறதுன்னா ஏதோ டூர்னு நெனைக்கிறாங்க.

பொண்ணுங்க வெளிய போகணும்னா வீட்டுல கையெழுத்து வாங்கிருங்க, போற எடம், யார் கூட, திரும்புற பஸ் நேரம் எல்லாம் எழுதி. அத விட்டுட்டா ஒரு சின்ன பிரச்சனையில மொத்தமும் நின்னுரும்.

கோரைப்புல்:

அக்கா, நான் பத்தமடைக்காரி. எங்க உம்மாவும் பெரியம்மாவும் பாய் நெய்யறவங்க. உங்க கேள்விய வாசிச்சதும் எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் நீளமாத்தான் போகும், கோச்சுக்காதீங்க.

எங்க தெருவுக்கு நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போதே காலேஜ் பிள்ளைங்க வருவாங்க. கையில கேள்வித்தாள். உங்க மாத வருமானம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா, அரசு உதவி கிடைக்குதா, இப்படி நாப்பது அம்பது கேள்வி. உம்மா தறியில இருந்து எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாங்க. டீ போட்டுக் குடுப்பாங்க. போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. ஒருத்தரு கூட திரும்பி வந்து நாங்க இத எழுதினோம் பாருங்கன்னு சொன்னது கெடயாது. எங்க பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கு, அதப் பத்தியும் எத்தனையோ பேரு எழுதியிருக்காங்க, ஆனா எழுதின ஒரு தாளு எங்க வீட்டுல கெடயாது. ஒரு கட்டத்துல உம்மா காலேஜ்ல இருந்து வந்திருக்கோம்னு சொன்னாலே கதவச் சாத்தச் சொல்லிட்டாங்க. தயவு செஞ்சு உங்க பிள்ளைங்கள அப்படி அனுப்பாதீங்க.

ஆனா ஒரு தடவ வேற மாதிரி நடந்துது, நான் ப்ளஸ் டூ படிக்கும்போது. நாலு பொண்ணுங்க வந்தாங்க, கேள்வித்தாளே இல்ல. அவங்க டீச்சர் உம்மாகிட்ட, உங்களுக்கு என்ன தெரியணும்னு கேட்டாங்க. உம்மாவுக்குப் புரியல, எங்கிட்டத் திரும்பி என்ன கேக்காங்கன்னு கேட்டாங்க. அப்புறம் யோசிச்சுட்டு சொன்னாங்க, பேரு போட்ட கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வருது, மாப்பிள பொண்ணு பேரு வச்சு நெய்யணும், நான் ஒரு வெல சொல்லுதேன், அது எனக்குக் கட்டுதா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலன்னு.

அந்த நாலு பொண்ணுங்களும் சனிக்கிழம சனிக்கிழம வந்து உக்காந்தாங்க. சும்மா இல்ல, செல்போன்ல நேரத்தப் பாத்துப் பாத்து எழுதிக்கிட்டே. கோரைய தண்ணியில ஊற வச்சு எடுத்து கத்தியால நீளவாக்குல கீறணும், மெல்லிசுப் பாய்னா நூல் மாதிரி வரணும், கீறும்போதே பாதி உடைஞ்சு கழிஞ்சிரும். அப்புறம் சாயம், காயவைக்கிறது, பாவு நூல் ஓட்டுறது, அதுக்கப்புறம்தான் தறி. உம்மா அதுவரைக்கும் வெல சொல்லும்போது கோரை, நூல், சாயம், நெய்யிற நாள் இத மட்டும்தான் கணக்கு வச்சிருந்தாங்க. கீறுற நேரத்த வேலையாவே நெனைக்கல, அது ராத்திரி டிவி பாத்துக்கிட்டே செய்யறதுல்லா, அதுல என்னன்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுங்க கூட்டிப் பாத்தா நெய்யிற நேரத்தவிட மத்த நேரந்தான் கூட. கழிஞ்சு போற கோரையும் எந்தக் கணக்குலயும் இல்ல.

கடைசி நாள் அத ஒரு ஒத்தத் தாள்ல, தமிழ்ல, பெரிய எழுத்துல எழுதிக் கொண்டு வந்து உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினாங்க. உம்மா ஒண்ணுமே பேசல. அந்தத் தாள மடிச்சு அலமாரியில வச்சாங்க. அடுத்த கல்யாணப் பாய்க்கு ஆள் வந்தப்ப பழைய வெலைய சொல்லல. பேரு எழுதுறதுக்குத் தனியா, பாதிப் பணம் முன்னாடின்னு சொன்னாங்க. வந்தவங்க கொஞ்சம் முணுமுணுத்துட்டுக் குடுத்துட்டுத்தான் போனாங்க. அந்தத் தாளு இன்னும் எங்க வீட்டுல இருக்கு, மடிப்புல கிழிஞ்சு போயி செலோடேப் ஒட்டி வச்சிருக்கோம். நான் பிகாம் சேந்ததே அதனாலதான்க்கா.

கூழைக்கடா:

கணக்கு இல்ல, வேற பக்கம், ஆனா சொல்லணும்னு தோணுது. தாமிரபரணி பாசனக் குளங்கள்ல வருசா வருசம் ஜனவரியில நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்கு, 2011ல இருந்து, சுற்றுச்சூழல் ஆராய்ச்சி பண்ணுற ஏட்ரீ அமைப்போட மணிமுத்தாறு மையம் ஆரம்பிச்சது. காலேஜ் பிள்ளைங்க வாலண்டியரா போலாம். நான் படிக்கும்போது போனேன். காலையில குளக்கரையில நின்னு ஒரு கூட்டத்த எண்ணி 200ன்னு சொன்னேன், கூட நின்ன அண்ணன் திரும்ப எண்ணச் சொன்னாரு, 140, மூணாவது தடவ 155. தெரியாத பறவைய தெரியலன்னே எழுது, ஊகிச்சு எழுதாதன்னு சொன்னாரு. காலேஜ்ல மூணு வருசம் படிச்சதுல தெரியலன்னு எழுதலாம்னு எனக்கு யாரும் சொன்னது கெடயாது. இப்ப நான் ஒரு லேப்ல வேல பாக்கேன், தினமும் அது ஞாபகத்துக்கு வரும். உங்க பிள்ளைங்களோட நோட்டுல தெரியாத வரிக்கும் எடம் விடுங்க மேடம்.

பொதிகைச்சாரல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோரைப்புல் எழுதினத நேத்து கிளாஸ்ல அப்படியே வாசிச்சேன், பிள்ளைய அசையாம கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

வாசிச்சுட்டு, உங்க வீட்டுல யாரு என்ன தொழில் செய்யறாங்க, அவங்களுக்குக் கணக்குல என்ன தெரியணும்னு கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன். வகுப்பறைவாசி சார் சொன்ன நேரப் பிரச்சன மனசுல இருந்துச்சு, சொந்த வீட்டுல, சொந்த தெருவுலன்னா யாருக்கும் கூலி போகாதுல்லா. இன்னைக்குக் காலையில ஒவ்வொருத்தரா வந்து சொல்லுதுங்க. வாழைத்தார் ஏலத்துக்குக் கொண்டு போறவரு வண்டி வாடகை கழிச்சா என்ன மிஞ்சும்னு கேட்டிருக்காரு. டீக்கடை வச்சிருக்கிற ஒரு பிள்ளையோட அப்பா, வடையில லாபமா டீயில லாபமான்னு கேட்டிருக்காரு, இருபது வருசமா கடை நடத்துறவரு. 

முக்கூடல் பக்கத்துல இருந்து வாற ஒரு பிள்ள கிளாஸ்ல வாயே திறக்காது. அது எல்லாரும் போனப்புறம் வந்து நின்னுச்சு. அம்மா பீடி சுத்துறாங்க, பள்ளிக்கூடம் படிக்கும்போதே இதுவும் கூட உக்காந்து சுத்தும். மேடம், ஆயிரம் பீடிக்குன்னு நிறுத்துத் தாற எலையில ஓட்டையும் காஞ்சதும் கழிஞ்சிரும், பத்தாது, மிச்சத்துக்கு அம்மா கடையில காசு குடுத்து எல வாங்கித்தான் எண்ணிக்கையச் சரி பண்ணுவாங்க, அப்ப அம்மாவுக்கு நெசமா ஆயிரத்துக்கு எவ்வளவு கூலி விழுதுன்னு கணக்குப் போடலாமான்னு கேக்கு. போர்டுல மெட்டீரியல் யூசேஜ் வேரியன்ஸ்னு, கணக்குல வச்ச பொருளுக்கும் நெசமா செலவாகுற பொருளுக்கும் உள்ள வித்தியாசம்னு, நான் எழுதினது அதுதாம்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, அப்ப அத அம்மாதான மேடம் கட்டுதாங்கன்னு சொல்லிச்சு. எனக்குத் தொண்ட அடச்சிருச்சு.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மார்க் எப்படிப் போட? இண்டர்னல் 25 மார்க் நான் குடுத்தாகணும்.

கார்பிசானம்:

பாதி மார்க்க அந்தக் கணக்க வாங்குத ஆளு போடட்டுமே டீச்சர். டீக்கடக்காரரு வாசிச்சுட்டு எனக்குப் புரியலன்னு சொன்னா பய திரும்ப எழுதிட்டு வரட்டும்.

வகுப்பறைவாசி:

அப்பா அம்மாவே மார்க் போட்டா முழு மார்க்தான் வரும் அண்ணாச்சி. அதுக்குப் பதிலா ஒருத்தர் வீட்டுக் கணக்க இன்னொரு பிள்ள போய் எழுதட்டும், மேடம் வச்சிருக்கிற 58 பேர ஜோடி போட்டு மாத்தி விடலாம், அதே தெரு இல்ல பக்கத்து ஊரா பாத்து. அன்னன்னைக்கு எழுதின தேதி போட்ட நோட்டுக்கு 10, ஒத்தத் தாளுக்கு 10, அத வாங்குறவங்க முன்னாடி வாசிச்சு அவங்க கேக்குற கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு 5. ஸ்பைரல் பைண்டிங்கே கேக்காதீங்க. பீடி வீட்டுக்குப் போற பிள்ளைகிட்ட மட்டும் தனியா சொல்லி வைங்க, அந்தக் கணக்க அந்த அம்மா சரின்னு சொல்லாம கிளாஸ்லயோ வெளியயோ யார்கிட்டயும் காட்டக் கூடாது. எல கொடுக்கிற எடத்துல அவங்களுக்கு வேலை போயிரக் கூடாது பாருங்க.

பொதிகைச்சாரல்:

ஆமா சார், அத நான் யோசிக்கவே இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட இன்னைக்கே சொல்லிடுதேன். கோரைப்புல், உங்க உம்மாகிட்ட கேட்டுச் சொல்லுவீங்களாம்மா, ரெண்டு பொண்ணுங்க வரலாமான்னு. இந்தத் தடவ என்ன தெரியணும்னு அவங்களே சொல்லட்டும்.

கோரைப்புல்:

கேட்டுட்டேன்க்கா. வெள்ளிக்கிழம வேண்டாம், சனிக்கிழம பத்து மணிக்கு மேல வரச் சொன்னாங்க. ஆளுக்கு ஒரு நோட்டு கொண்டு வரணுமாம். முன்ன நாலு பேரு எழுதின கணக்குல கோரை வெலையும் கூலியும் பழசாயிப் போச்சு, அத புதுசா எழுதித் தரணும்னு கேக்காங்க. பழைய தாள எடுத்து மேச மேல வச்சிருக்காங்க.